மறுப்புக்கு ஒரு பதிவேடு

தன் பொருளை யாருக்குக் கொடுப்பது என்று சொந்தக்காரன்தான் முடிவு செய்ய வேண்டும். லினக்ஸின் பழைய அனுமதி முறை இந்த நியாயத்தின் மேல்தான் நிற்கிறது. கோப்பு யாருடையதோ அவர் வைத்ததுதான் சட்டம். ரூட் பயனருக்கு அந்தச் சட்டமும் கிடையாது. அமெரிக்காவின் என்எஸ்ஏ 2000 டிசம்பரில் பொதுவில் வெளியிட்ட எஸ்இலினக்ஸ் இதை ஏற்கவில்லை.

அப்பாச்சி வெப் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்இலினக்ஸ் அதற்கு ஒரு முத்திரை குத்துகிறது, ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று குத்துகிறது. எந்த முத்திரை எதைத் தொடலாம் என்று கொள்கையில் எழுதியிருந்தால்தான் கெர்னல் விடும். எழுதாதது எல்லாம் மறுப்பு. ஒருவன் அப்பாச்சிக்குள் புகுந்து ரூட் அதிகாரமே பெற்றாலும், அந்த முத்திரைக்குள் இருக்கும்வரை கடவுச்சொல் கோப்பைப் படிக்க முடியாது.

வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் கேட்டான்: "ஏனுங்ண்ணா, நாம எழுதுன புரோகிராமையே நாம நம்பாட்டி எப்படிங்க?"

நல்ல கேள்வி. நம்பிக்கையை முன்கூட்டியே மறுப்பது அவமதிப்பு இல்லையா? நான் சொன்ன பதில் இது: இன்றைக்கு அது நம்முடையது, நாளைக்கு வேறொருத்தன் கையில் இருக்கலாம். அந்த நாளில் சேதம் எதுவரை போகும் என்பதைத்தான் கொள்கை தீர்மானிக்கிறது. புரோகிராமுக்கு மனம் வலிக்காது. அதனால் இந்தப் பதிலே போதும்.

மனிதர்களுக்குப் போதாது. என் ஊர் ஆனைமலை. ஊருக்கு மேலே தெரிகிற காடு 2007-இல் புலிகள் காப்பகமானது. அங்கேயும் அனுமதி இல்லாதது எல்லாம் மறுப்புதான். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவருக்குக் கதவைத் திறந்தால் அடுத்து ரிசார்ட்காரர் வந்து நிற்பார். ஆனால் அந்தக் காட்டில் காடர்கள் காப்பகத்துக்கு முன்பிருந்தே வாழ்கிறார்கள். 2019 ஆகஸ்ட் மழையில் கல்லார் குடியில் மண் சரிந்தது. அங்கிருந்த காடர் குடும்பங்கள் தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டன. வனத்துறை விடவில்லை. தாய்முடி எஸ்டேட்டின் லைன் வீடுகளில் தங்கவைக்கப்பட்டார்கள். போராடிப் போராடி 2021-இல்தான் தெப்பக்குளமேட்டில் நிலத்துக்கு உரிமை கிடைத்தது. இத்தனைக்கும் வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. எங்கள் பாஷையில் சொன்னால், விதி எழுதியாகிவிட்டது, லோடு ஆகவில்லை.

எஸ்இலினக்ஸில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அது மறுக்கும்போது எழுதிவைக்கிறது. எந்தப் புரோகிராம், எந்தக் கோப்பை, என்ன செய்யக் கேட்டது, எத்தனை மணிக்கு: எல்லாம் ஆடிட் லாகில் ஒரு வரியாக விழும். அதைப் படித்தால் வந்தது திருடனா, இல்லை கொள்கை எழுதியவன் மறந்துபோன நியாயமான தேவையா என்று பார்க்கலாம். தேவைதான் என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் வழிவிட்டு ஒரு விதி சேர்க்கலாம். பாதிப்பேர் அதைச் செய்வதில்லை. தொல்லை என்று எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள். அது காப்பகத்தையே கலைப்பதற்குச் சமம்.

அதிலேயே இன்னொரு வகை விதியும் இருக்கிறது: 'டோன்ட்ஆடிட்'. மறு, ஆனால் எழுதாதே. லாக் நிரம்பி வழியாமல் இருக்க வைத்தது. புரோகிராம் ஓடாது, ஏன் என்று லாகில் ஒரு வரியும் இருக்காது. இதில் மாட்டி ராத்திரி முழுக்க முழித்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

அரசு அலுவலகங்களில் நம் ஜனங்களுக்குக் கிடைக்கும் மறுப்பு பெரும்பாலும் இந்த ரகம். "அப்புறம் வாங்க" என்பார்கள். யார் மறுத்தது, எந்த விதிப்படி, எங்கேயும் எழுத்தில் இருக்காது. மேல்முறையீடு செய்யக்கூட ஒரு தாள் வேண்டுமே.

முன்கூட்டியே மறுப்பது அநீதி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மறுக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொள்பவர், மறுத்ததை எழுதிவைக்கவும், எழுதியதைப் படிக்கவும், படித்தபின் விதியைத் திருத்தவும் கடமைப்பட்டவர். ஒரு வெப் சர்வருக்கே நாம் இவ்வளவும் செய்கிறோம்.