விவேக நகரம் யாருக்காக?

மலாய்மொழியில் ‘சிம்பாங்’ என்பது பாதைகள் பிரியுமிடத்தைக் குறிக்கும். ‘அம்பாட்’ என்பது நான்கு. ஆகவே, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் தென்பால் அமைந்துள்ள சிம்பாங் அம்பாட் என்னும் ஊரின் பெயரைத் தமிழில் நாற்சந்தி எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கெனக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட தமிழரின் வியர்வை அவ்வட்டாரத்து மண்ணில் கலந்திருக்கிறது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர்ச் செம்பனையும் பல இடங்களில் விலகி நிற்க, தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. 2014ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் திறக்கப்பெற்ற, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம், அண்மையிலுள்ள பத்து காவானைப் பினாங்குத் தீவுடன் பிணைத்தது. 2019இல் செபராங் பிறை மாநகர் என்னும் தகுதியையும் எய்தியது.

நகரம் வளர்ந்தால் போதாது. அது விவேக நகரமாகவும் வளர வேண்டும் என்பது இக்காலத்தின் வேட்கை. 2018இல் அறிவிக்கப்பட்ட ‘பினாங்கு 2030’ என்னும் தொலைநோக்கு, குடும்பத்தை மையமாகக் கொண்ட, பசுமையும் விவேகமும் நிறைந்த மாநிலத்தைக் குறிக்கோளாகக் கொண்டது. 2019இல் மலேசிய அரசு விவேக நகரங்களுக்கெனத் தனி வரைவுத் திட்டமொன்றை வெளியிட்டது. அதே ஆண்டில், வாகன நிறுத்தக் கட்டணத்தைக் கைப்பேசி வழியே செலுத்தும் முறை தீவிலும் பெருநிலத்திலும் நடைமுறைக்கு வந்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கனவே. ஆயினும், அறநெறியில் நாட்டமுடையோர் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: நகரம் விவேகமுடையதாவது யாருக்காக?

வராதவரை எண்ணாத கணக்கு

விவேகம் என்னும் சொல் செய்திகளின் குவியலைக் குறிப்பதன்று. நல்லது இது, தீயது இது. வேண்டுவது இது, வேண்டாதது இது என்று பிரித்தறியும் ஆற்றலையே அது குறிக்கும். சாலையிலுள்ள படக்கருவி எத்தனை ஊர்திகள் சென்றன என எண்ணிச் சொல்லும். நடைமேடையிலுள்ள வாயில் எத்தனை பேர் நுழைந்தனர் எனக் கணக்கிடும். அக்கணக்கு ஒருபோதும் பிழைபடாது என்றே வைத்துக்கொள்வோம். எனினும் அதில் ஒரு பெருங்குறை உண்டு. வந்தவரை மட்டுமே அது அறியும். வர இயலாதவரை அது அறியாது.

முழங்கால் நோயுற்ற ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்க்கலாம். சிம்பாங் அம்பாட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் ஆயுளெல்லாம் உழைத்தவர். தோட்டம் மறைந்தபின் அடுக்குமாடி வீடொன்றின் மேல்தளத்தில் மகனோடு வாழ்பவர். அவர் சுங்கை பாக்காப் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மகன் விடியுமுன்னே தொழிற்சாலைக்குப் போய்விட்டான். மின்தூக்கி பழுதாகிக் கிடக்கிறது. கீழிறங்கினாலும், பேருந்து நிற்குமிடத்தை அடைய ஒரு பெருஞ்சாலையைக் கடக்க வேண்டும். அங்கே மேம்பாலம் உண்டு. ஏறுவதற்குப் படிகளும் உண்டு. அவருக்கோ அப்படிகள் மலையாகத் தோன்றுகின்றன. பேருந்து வரும் நேரத்தைக் கைப்பேசியிலே காணலாம் என்பர். அவரிடம் அத்தகைய கைப்பேசி இல்லை. இருந்தாலும் அதிலுள்ள எழுத்து அவர் கற்ற எழுத்தன்று. அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

அன்று மாலை நகரத்தின் கணக்கேட்டில் எல்லாம் செவ்வனே நடந்ததாகவே பதிவாகும். மேம்பாலத்தில் நெரிசல் இல்லை, பேருந்து காலந்தவறவில்லை, புகாரும் எதுவும் வரவில்லை. மூதாட்டியின் துன்பம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. நகரத்தின் குறையால் விலக்கப்பட்டவர், நகரத்தின் கணக்கிலிருந்தும் விலக்கப்பட்டார். ஒருவரை வெளியே நிறுத்துவது முதற்பிழை. அவர் வெளியே நிற்பதை அறியாமலிருப்பது இரண்டாம் பிழை. முதற்பிழையினும் இரண்டாவது கொடிது; ஏனெனில் அது முதற்பிழையைத் திருத்தவும் விடாது.

புகார் காட்டும் இரு வழிகள்

தமிழிலக்கியம் இவ்வினாவை அறியாததன்று. மதுரைக்காஞ்சி, பட்டினப்பாலை முதலியன நகரத்தின் செல்வத்தையும் ஆரவாரத்தையும் விரித்துரைக்கின்றன. காப்பியங்களோ அச்செல்வத்தின் ஓரத்தில் நிற்போரையும் காட்டுகின்றன. சிலப்பதிகாரம் கூறும் புகாரின் ஐவகை மன்றங்களுள் ஒன்று இலஞ்சி மன்றம். கூனரும் குறளரும் பேச இயலாதாரும் செவிப்புலன் இழந்தாரும் நோயாளரும் அங்குள்ள பொய்கையில் மூழ்கி நலம்பெற்றதாக அக்காப்பியம் கூறும். மணிமேகலையிலோ உலக அறவி என்னும் அம்பலம் வருகிறது. கைவிடப்பட்டோர் கூடும் அவ்விடத்திற்கு மணிமேகலை அமுதசுரபியுடன் சென்று பசிப்பிணி போக்குகிறாள்.

இவ்விரண்டையும் ஆழ்ந்து நோக்கினால் இருவேறு வழிகள் புலப்படும். இலஞ்சி மன்றம் மனிதனை மாற்றுகிறது. நகரத்திற்கு ஏற்றவனாக அவன் உடலைத் திருத்துகிறது. உலக அறவி மனிதனை அவன் இருந்தபடியே ஏற்றுக்கொண்டு உணவளிக்கிறது. முன்னது மருத்துவம், பின்னது அருள். இரண்டும் உயர்ந்தவை. ஆயினும் பொய்கையில் மூழ்கியும் குணமாகாதவன் என் செய்வான்? அமுதசுரபி ஏந்திய கை வராத நாளில் அவன் எவ்வாறு வாழ்வான்?

இக்காலம் கண்ட மூன்றாவது வழி ஒன்றுண்டு. குறை மனிதனின் காலில் மட்டும் இல்லை. அவன்முன் வைக்கப்பட்ட படியிலும் இருக்கிறது. எனவே படியை மாற்ற வேண்டும் என்பதே அவ்வழி. மணிமேகலையே இதற்கும் வித்திட்டாள் எனலாம். பசித்தோர்க்கு உணவிட்டதோடு அவள் அமையவில்லை. மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். மனிதருக்கு இரங்குவதிலிருந்து, மனிதரை வருத்தும் கட்டடத்தையே மாற்றுவதற்கு அறம் அங்கே முன்னேறுகிறது.

அருளா, உரிமையா?

சிலருக்காகப் பெரும்பொருள் செலவிடுதல் முறையோ என்று வினவுவோர் உண்டு. சாய்தளம் அமைக்கவும் மின்தூக்கி பொருத்தவும் பணம் வேண்டும். அதனைப் பலருக்குப் பயன்படும் பணியில் இடலாகாதா என்பது அவர் வாதம். இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஊராட்சியின் கருவூலம் அமுதசுரபியன்று. ஆனால் ‘சிலர்’ என்னும் சொல்லை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாய், காலில் கட்டுப் போட்ட இளைஞன், சூலுற்ற மகளிர், சுமை தூக்குவோர், முதியோர் ஆகிய யாவரும் அச்சிலருள் அடங்குவர். மலேசியா 2030ஆம் ஆண்டளவில் முதியோர் மிகுந்த நாடாகும். அப்போது மக்களில் நூற்றுக்குப் பதினைவர் 60 வயதை எட்டியவராக இருப்பர் என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் கணிப்பு. இன்று படியில் தாவி ஏறுவோனும் நாளை அப்படியின் கீழ் நின்று அண்ணாந்து பார்ப்பவனே. ஆதலின் சாய்தளம் பிறர்க்கு இடும் பிச்சையன்று. ஒவ்வொருவரும் தம் முதுமைக்குச் சேர்த்து வைக்கும் வைப்பு நிதியாகும்.

எனினும், பயன் கருதி மட்டும் இதனை நிலைநாட்டுதல் முழுமையாகாது. ஒரே ஒருவர்தாம் வர இயலாமல் நிற்கிறார் எனினும், அவரை விலக்குதல் அறமாகுமா? பொதுச்சாலை அவர் வரிப்பணத்திலும் அமைந்தது. பொது அலுவலகம் அவருக்கும் உரியது. ஒவ்வொரு நாளும் யாரேனும் தூக்கிவிட மாட்டார்களா என்று வாயிலில் காத்திருக்கும் ஒருவர், அருளைப் பெறலாம், மானத்தை இழக்கிறார். தூக்கிவிடுவோரின் மனம் இரங்கும் நாளில்தான் அவர் குடிமகனாகிறார். உரிமையோ பிறர் மனநிலையைச் சார்ந்ததன்று. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம் பொதுக் கட்டடங்கள், பொதுப் போக்குவரத்து, செய்தித் தொடர்பு ஆகியவற்றைப் பிறர்க்கு நிகராகப் பயன்படுத்தும் உரிமையை ஏற்றது. 2010இல் நாடு ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையையும் உறுதிசெய்தது. ஆயினும் அச்சட்டம் இயற்றப்பட்டபோது, மீறுவோரைத் தண்டிக்கும் விதி எதுவும் அதில் இடம்பெறவில்லை. உரிமை ஏட்டில் எழுதப்பட்டது. அது படிக்கட்டை எட்டுவதற்கு மக்களின் மனச்சான்றும் துணைநிற்க வேண்டியதாயிற்று.

மனச்சான்று என்பது அரசுக்கு மட்டும் உரியதன்று. ஜோர்ஜ்டவுன் நகரத்துப் பழைய கடைவீடுகளின் முன்னே ‘ஐந்தடி’ என வழங்கும் நடைபாதை உண்டு. வெயிலும் மழையும் தாக்காமல் மக்கள் நடந்துசெல்ல முன்னோர் வகுத்த ஒழுங்கு அது. 2008இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற அந்நகரத்தில், ஐந்தடிகள் பல வண்டிகளாலும் சரக்குகளாலும் அடைபட்டுக் கிடப்பதைக் காணலாம். வீட்டுக்கு வீடு தளத்தின் உயரமும் மாறும். சக்கர நாற்காலியில் வருபவர் வெயிலில், ஊர்திகள் விரையும் சாலைக்கு இறங்க நேர்கிறது. ‘சற்று நேரந்தானே’ என்று வண்டியை அங்கே நிறுத்துபவர் கொடியவர் அல்லர், எண்ணிப் பாராதவர். நகரத்தின் தீமைகளுட் பல இத்தகைய எண்ணாமையால் விளைவன.

கேள்வியே முதற்படி

அவ்வாறாயின் கருவிகள் வேண்டாவோ? வேண்டும். ஆனால் கருவியின் விவேகம் அதன் புதுமையில் இல்லை. எளியவரை அது சென்றடையும் முறையில் இருக்கிறது. சப்பான் நாட்டு ஒக்கயாமா நகரில், 1967இல், பார்வையற்றோர் பள்ளியின் அருகே முதன்முதலாகப் புடைப்புக் கற்கள் பதிக்கப்பட்டன. செய்ச்சி மியாக்கே என்பார் ஆக்கிய அக்கற்களில் மின்சாரம் இல்லை, கணினி இல்லை. காலடி உணரும் மேடு மட்டுமே உண்டு. இன்று உலகமெங்கும் நடைமேடைகளில் அவை பார்வையற்றோர்க்கு வழிகாட்டுகின்றன. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் முதல், 18 வயது நிறைந்த மலேசியர் அனைவருக்கும் 100 ரிங்கிட் உதவி, அடையாள அட்டையின் வழியே வழங்கப்பட்டது. தொடக்கத்தில் நெரிசலால் தடங்கல் ஏற்பட்டதுண்டு. ஆயினும் கைப்பேசி இல்லாத முதியவரும், தம் பையில் முன்பே இருந்த அட்டையைக் கொண்டு பொருள் வாங்க முடிந்தது. மனிதர் கருவியைத் தேடி அலையாமல், கருவி மனிதரைத் தேடிச் சென்ற நிகழ்ச்சி அது.

இத்தகைய வழிகள் எவ்வாறு புலப்படும்? கேட்பதனால் புலப்படும். திருவள்ளுவர் அதிகாரங்களை வைத்த முறையைத் தமிழாசிரியர் நன்கறிவர். கல்வி, கல்லாமை, கேள்வி ஆகியவற்றின் பின்னரே அறிவுடைமை வருகிறது. கேட்டறியாத அறிவு, அறிவென்னும் பெயருக்கு உரியதாகாது என்பது அம்முறையிலிருந்து பெறத்தக்க பாடமாகும். நகரத்திற்கும் இது பொருந்தும். பினாங்கில் 2012இல் தொடங்கிய ஒரு முயற்சி இதற்குச் சான்று. 2011இல் நிறுவப்பட்ட பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் இரு நகராண்மைக் கழகங்களும் இணைந்து, தீவில் ஜாலான் சுங்கை, பெருநிலத்தில் அம்பாங்கான் ஆகிய இரண்டு மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி மக்களையே கேட்டன. ஆடவர், மகளிர், இளையோர், முதியோர், மாற்றுத்திறனாளர் எனப் பலதிறத்தாரின் தேவைகளும் கேட்டறியப்பட்டன. எதற்கு முதலிடம் என்பதை மக்களே வாக்களித்து உரைத்தனர். அக்காலத்தில் செபராங் பிறை நகராண்மைக் கழகத்தின் தலைவராயிருந்த மைமூனா முகமது ஷாரிப் அம்மையார், 2018இல் ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் திட்ட அமைப்புக்குச் செயல் இயக்குநராகச் சென்றார். அடுக்குமாடி வீட்டின் கீழே பெண்களும் முதியோரும் அமர்ந்து பேசிய பேச்சு, உலக அரங்கிலும் பேசத்தக்க பொருளாயிற்று.

படக்கருவி பதியாத மூதாட்டியை, இத்தகைய கூட்டத்தில் இடப்படும் ஒரு நாற்காலி பதிவுசெய்யும். அதுவும் மேல்தளத்திலுள்ள அவர் வீட்டுக்கே சென்று, அவர் மொழியிலேயே கேட்பவர் இருந்தால்தான் நடக்கும். கூட்டத்திற்கு வந்தவரை மட்டும் கேட்டு மீண்டால், வந்தவரை மட்டும் எண்ணிய கருவிக்கும் கேட்டவருக்கும் வேறுபாடில்லை.

நாற்சந்தி என்பது யாரும் யாருக்கும் உரிமைச்சீட்டுக் காட்டாமல் கூடுமிடம். எத்திசையினின்று வந்தவரும் எத்திசைக்கும் செல்லலாம் என்பதே அதன் இயல்பு. சிம்பாங் அம்பாட் என்னும் பெயரைத் தாங்கிய ஊரும், அதனைத் தன்னுள் கொண்ட மாநகரும் அவ்வியல்பை இழத்தலாகாது. நாளை அங்கே எத்துணைக் கருவிகள் ஏற்றப்பட்டாலும், அந்நகரம் விவேகமுடையதா என்பதை அளக்கும் கோல் ஒன்றுதான். துணைக்கு ஒருவரும் இல்லாத நாளில், அந்த மூதாட்டி வீட்டிலிருந்து புறப்பட்டு, மருத்துவரைக் கண்டு, பொழுது சாயுமுன் தாமே வீடு திரும்ப முடிகிறதா என்பதே அது.