நான்காவது காயில்

ஒரு பொருள் கெட்டுப்போனால் அதை மாற்றிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். அதே பொருள் மறுபடியும் கெட்டால் கடைக்காரனைத் திட்டுகிறோம். மூன்றாம் முறையும் கெட்டால் பக்கத்தில் இருக்கும் மனிதர்களைச் சந்தேகிக்கத் தொடங்குகிறோம். பொருளிலிருந்து மனிதனுக்குத் தாவுகிற இந்தத் தாவலில் ஏதோ ஒரு தர்மப் பிரச்னை ஒளிந்துகொண்டிருப்பதாக எனக்கு வெகு நாளாகவே படுகிறது. ஒரு பழைய காரின் கதையை வைத்துக்கொண்டு அதை யோசித்துப் பார்க்கலாம். கார் என்றதும் வாசகர்கள் பயப்பட வேண்டாம். எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. தெரிந்தவர் சொல்லத் தெரியாதவன் கேட்டுக்கொண்ட அளவுக்குத்தான் இதில் யந்திர விஷயம் இருக்கும்.

திருச்சியில் எனக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற வக்கீல். தம் தகப்பனார் 1970களில் வாங்கிய அம்பாசிடரை இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறார். உத்தரபாரா தொழிற்சாலையில் 2014இலேயே அந்த வண்டியைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இவர் மட்டும் நிறுத்தவில்லை. அதன் இக்னிஷன் காயில் பல வருஷம் உழைத்து ஒரு நாள் ஓய்ந்தது. புதுசு வாங்கி மாட்டினார்கள். ஆறு வாரத்தில் அது போயிற்று. அடுத்தது ஒன்றரை மாதம். அதற்கடுத்தது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மூன்றுக்கும் ஒரே லட்சணம்: அரை மணி நேரம் வண்டி ஜோராக ஓடும், பிறகு விக்கி விக்கி நடுரோட்டில் நின்றுவிடும். புளியமர நிழலில் கொஞ்ச நேரம் ஆற விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். சில நாளில் அதுவும் இராது.

பில் கொண்டுவந்தவன் டிரைவர். பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருந்தவன்.

“ஐயா, பெட்டியைப் பிரிச்சு உங்க முன்னாலதானே மாட்டினேன்?” என்றான் அவன்.

“மூணு தடவையும் நீதானேப்பா வாங்கினே, நீதானே மாட்டினே” என்றார் வக்கீல்.

பழைய காயிலுக்குப் பெயிண்ட் அடித்துப் புதுசென்று விற்பதும், வாங்குகிறவன் அதில் ஒரு பங்கு எடுப்பதும் உலகத்தில் இல்லாத காரியங்கள் அல்ல. ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அவனை மரியாதையாகவே அனுப்பிவிட்டார். சந்தேகத்தின் பலனை எதிரிக்குத் தர வேண்டும் என்று நாற்பது வருஷம் கோர்ட்டிலே வாதாடியவர் அவர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நான்காவது காயிலைத் தாமே கடைக்குப் போய் வாங்கினார். வேறு ஆளை வைத்து மாட்டினார். அதுவும் ஐந்தாவது வாரம் கண்ணை மூடியது.

அதன் பிறகுதான் வண்டி பாலக்கரையில் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை செய்யும் பாயிடம் போயிற்று. பாய் புதுக் காயிலைப் பற்றிப் பேசவே இல்லை. “செத்ததெல்லாம் எங்கே சார்?” என்று கேட்டார். டிக்கியில் கிடந்த நான்கையும் வரிசையாக வைத்து மீட்டரால் அளந்தார். அவை எப்படிச் செத்தன என்பதைப் புரிந்துகொள்ள, அவை எப்படி வாழ்கின்றன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

காயில் என்பது இரண்டு கம்பிச் சுருள். ஒன்று தடித்த கம்பி, சில நூறு சுற்று. மற்றது தலைமயிர்போல் மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று. பாட்டரியின் 12 வோல்ட் தடித்த சுருளில் ஓடிக்கொண்டிருக்கும்போது, டிஸ்டிரிபியூட்டரில் இருக்கும் பாயிண்ட் சட்டென்று திறந்து அந்த ஓட்டத்தை வெட்டுகிறது. வெட்டிய கணத்தில் மெல்லிய சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கின் முனையில் பொறியாகத் தாவுகிறது. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் வகுத்த முறை இது. 1910ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களிலேயே வந்துவிட்டது. நாலு சிலிண்டர் வண்டி நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 பொறி வேண்டும். ஓடுவதனால் அல்ல, ஓட்டம் அறுபடுவதனால் பொறி பிறக்கிறது என்பது வேதாந்திகளுக்கு உபயோகப்படலாம். நமக்கு வேண்டியது வேறு.

காயில்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றின் தடித்த சுருளுக்குத் தடை 3 ஓம். ஓம் என்பது இங்கே பிரணவம் அல்ல, அளவு. 12 வோல்ட்டில் அது 4 ஆம்பியர் இழுக்கும். மற்றொரு ஜாதிக்கு 1.5 ஓம்தான் தடை. ஆனால் அது தனியாக வாழப் பிறந்ததல்ல. ‘பல்லாஸ்ட்’ என்ற ஒரு தடைக் கம்பி வெளியே கூட நின்று மீதி 1.5 ஓமைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும் வேளையில் பாட்டரியின் வோல்ட் தாழ்ந்துபோகுமல்லவா? அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் பல்லாஸ்டை ஒதுக்கிவிட்டால் பொறி பலமாக விழும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். பழைய அம்பாசிடரில் இருந்தது முதல் ஜாதி. கடையில் கிடைத்தது இரண்டாம் ஜாதி. வடிவம் ஒன்று, பருமன் ஒன்று, ஆணிகள் ஒன்று. பல்லாஸ்ட் இல்லாத வண்டியில் அதை மாட்டினால் 4 ஆம்பியருக்குப் பதிலாக 8 ஆம்பியர் பாயும். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. உள்ளே எண்ணெய் கொதித்து, காப்பு வெந்து, ஒரு சுற்று பக்கத்துச் சுற்றைத் தொட்டுவிடுகிறது. ஆறினால் விலகுகிறது. புளியமரத்தின் மகிமை அவ்வளவுதான்.

பாய் செத்த காயிலின் மேலிருந்த கரியைத் துடைத்து வக்கீலிடம் நீட்டினார். வெளித்தடையோடுதான் இணைக்க வேண்டும் என்று அதன் உடம்பிலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. பத்திரங்களின் அடிக்குறிப்புகளைப் படித்தே வீடு கட்டியவர் அவர்.

நம் சித்தாந்திகள் குடத்தை உதாரணம் காட்டிக் காரணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்குக் கர்த்தா உண்டு என்று நிறுவ அது நல்ல உதாரணம். ஆனால் குடம் உடைந்தபோதும் நாம் குயவனைத் தேடுவதைப்போல ஒரு ஆளைத் தேடுகிறோமே, அங்கேதான் எனக்குத் தகராறு. இந்தக் கதையில் காயில் குற்றமில்லாதது, வண்டி குற்றமில்லாதது; இரண்டும் சேர்ந்ததுதான் கோளாறு. நல்ல பிள்ளைக்கும் நல்ல பெண்ணுக்கும் கல்யாணம் செய்துவைத்து, ஆறு மாதத்தில் இரு வீட்டாரும் ஒருவரை ஒருவர் தூற்றுவதை நாம் பார்த்ததில்லையா?

வக்கீலின் தர்க்கத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. மூன்று சாவிலும் பொதுவாக இருந்தவன் டிரைவர் என்றார், உண்மை. ஆனால் அதே கம்பிகளும் அதே பாட்டரியும் அதே ஜாதிக் காயிலும்கூடப் பொதுவாகத்தான் இருந்தன. அத்தனையிலும் அவர் டிரைவரைப் பொறுக்கியதற்கு அவன்தான் முகம் உள்ளவன் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. கம்பியை வேலையை விட்டு நீக்க முடியாது; நீக்கினாலும் மனசுக்குத் திருப்தி இராது.

இதைவிடப் பெரிய இடத்திலும் அவசரம் நடந்திருக்கிறது. 1954 ஜனவரி 10ஆம் தேதி ‘காமெட்’ என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானம் எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்து 35 பேர் மாண்டார்கள். காரணம் தெரியவில்லை. இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று பல உறுப்புக்களைத் திருத்தி, மார்ச்சு 23ஆம் தேதி மறுபடி பறக்க விட்டார்கள். ஏப்ரல் 8ஆம் தேதி இன்னொன்று நேப்பிள்ஸுக்கு அருகே விழுந்தது, 21 பேர். அதற்குப் பிறகுதான் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தை நீர்த்தொட்டியில் வைத்து, ஆயிரக்கணக்கான தடவை உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஜன்னல் திறப்பு ஒன்றின் மூலையில் உலோகம் களைத்துப் பிளந்தது. இடைப்பட்ட வாரங்களில் திருத்தியவர்கள் சோம்பேறிகளும் அல்ல, மோசக்காரர்களும் அல்ல. ஏதாவது செய்தாயிற்று என்ற நிம்மதி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த நிம்மதியின் விலை 21 உயிர்.

காரணம் தெரியாதபோது தெரியாது என்று சொல்லி வண்டியை நிறுத்திவைப்பது ஒரு கடமை என்றே நான் நினைக்கிறேன். அறிவைச் சேர்ந்த கடமை மட்டுமா? ஒருவனுடைய பெயர் அதில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அது நியாயத்தைச் சேர்ந்ததும் ஆகிவிடுகிறது.

கதையில் இன்னும் ஒரு முடிச்சு உண்டு. காத்திருக்கும் நேரங்களில் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் போட்டுக்கொண்டு டிரைவர் ரேடியோ கேட்பானாம். அப்போது பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் ஓட்டம் இடைவிடாமல் பாய்ந்து காயில் வேகும். “அப்போ அவன் பேரிலும் தப்பு இருக்கு பாருங்கோ” என்றார் வக்கீல், கொஞ்சம் சந்தோஷமாகவே. பாய் தலையை ஆட்டினார்.

“பழைய காயில் இருந்தப்பவும் அவர் ரேடியோ கேட்டுக்கிட்டுத்தானே சார் இருந்தாரு? அது இத்தனை வருஷம் தாங்கிச்சே” என்றார்.

பங்கு இருக்கலாம். ஆனால் அவன்மேல் சுமத்தப்பட்டது ரேடியோ கேட்ட குற்றமில்லை, திருட்டு. ஒரு குற்றத்துக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, பிற்பாடு கண்டெடுத்த வேறொரு சின்னக் குற்றத்தால் கணக்கை நேர் செய்ய எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது? அவரையே கேட்டேன். சட்டத்தில் இடமில்லை என்று ஒப்புக்கொண்டார்.

3 ஓம் காயில் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பாய் மாட்டினார். பாயிண்ட்டைப் புதுசாக்கி, பிளக்குகளின் இடைவெளியைச் சரிபார்த்து, சார்ஜ் ஆகும் வோல்ட்டையும் அளந்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். எட்டு மாதமாக வண்டி நிற்கவில்லை. டிரைவர் இப்போது மண்ணச்சநல்லூரில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். திருச்சியிலிருந்து அரை மணி நேரப் பயணம். அந்தக் கார் தாராளமாகப் போய் வரும். வக்கீல் இன்னும் போகவில்லை.