வாடிய செடியும் வாடிய ஆத்துமமும்



நமது உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில், மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் பூமியின் சூடெல்லாம் வானத்துக்கு ஏறிப்போக, விடியற்காலத்தில் புல்லின்மேல் உறைபனி உப்பைப்போல் பூத்துக் கிடப்பதைக் காண்கிறீர்கள். தாவரவியல் பூங்காவிலே தோட்டக்காரர் இளஞ்செடிகளைக் கோத்தகிரி மிலார் கொப்புகளால் மூடிக் காப்பாற்றுகிறார்கள். வீட்டுக்குள் சன்னலோரத் தொட்டியில் இருக்கிற ஜெரேனியத்தையும் பிகோனியாவையும் உறைபனி தொடாது. ஆயினும் அவைகளும் இக்காலத்தில் இலை தொங்கி வாடுவதுண்டு.

வாடினதைக் கண்ட வீட்டார் என்ன செய்கிறார்கள்? தாகம் என்று எண்ணிச் சொம்பு நிறையத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மறுநாள் இன்னும் வாடுகிறது, இன்னும் ஊற்றுகிறார்கள். அன்பினால்தான் ஊற்றுகிறார்கள், அந்த அன்பே செடியைக் கொல்லுகிறது. ஏனெனில், குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாய்த்தான் நீரை உறிஞ்சும். ஈரம் காயாமல் தேங்கினால், வேருக்கு வேண்டிய காற்று அடைபட்டு, வேர் அழுகிப்போம். அழுகின வேர் தண்ணீரின் நடுவிலிருந்தும் குடிக்கமாட்டாது. தாகத்தால் வாடின செடியும் நீர் மிஞ்சி வாடின செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகையால் விவேகமுள்ளவன் முதலில் மண்ணுக்குள் இரண்டு விரற்கணு ஆழம் விரலை விட்டுப் பார்க்கிறான். ஈரமிருந்தால் ஊற்றமாட்டான், அடித்தட்டில் தேங்கினதையும் கொட்டிவிடுவான். மண் நாறினால், செடியை மெல்லக் கழற்றி, பழுப்பாய்க் குழைந்த வேரைச் சுத்தமான கத்தியால் நறுக்கி, வெளுத்து உறுதியாயிருக்கும் வேரோடு, மணல் கலந்த புதுமண்ணில், அடியில் துவாரமுள்ள சிறு தொட்டியில் நடுவான். பகலில் வெளிச்சமுள்ள சன்னலண்டை வைப்பான், இராத்திரியில் குளிர்ந்த கண்ணாடியை விட்டுத் தள்ளிவைப்பான், அடுப்பண்டையிலும் வைக்கமாட்டான். மேல்மண் காய்ந்தபின், முற்பகலில், கொஞ்சமாய் நீர் விடுவான். புதுத்தளிர் காணுமட்டும் உரம் போடமாட்டான். செத்ததோ என்று சந்தேகம் வந்தால், தண்டை நகத்தால் சற்றே கீறிப் பார்ப்பான். உள்ளே பச்சையிருந்தால் உயிரிருக்கிறது.

பிரியமானவர்களே, நம் வீடுகளிலும் வாடிப்போனவர்கள் இல்லையா? பரீட்சையில் தவறிப் பேச்சற்றுப்போன மகன். புருஷனை இழந்து பூசைக்கும் வர மனமில்லாத சகோதரி. பல வருஷமாய்ப் பாவசங்கீர்த்தனத்தை விட்டு விலகி நிற்கும் தகப்பன். அவர்களைக் கண்டதும் நாம் புத்திமதியைக் குடங்குடமாய் ஊற்றுகிறோம். சாப்பாட்டு வேளையில் ஒன்று, செபமாலை முடிந்ததும் ஒன்று, விருந்தாளிக்கு முன்பாக ஒன்று. கேட்கிறவன் தலை இன்னும் தாழ்ந்துபோகிறது. நாமோ அவனைத் திருந்தாத சென்மம் என்று தீர்ப்பிட்டுவிடுகிறோம்.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தில் நமதாண்டவர் ஓர் அத்திமரத்தின் உவமையைச் சொல்லுகிறார். மூன்று வருஷமாய்க் கனி கொடாத மரத்தை வெட்டிப்போடச் சொல்லுகிறான் எஜமான். தோட்டக்காரனோ, இந்த ஒரு வருஷம் பொறுக்கும்படி மன்றாடி, சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகச் சொல்லுகிறான். எருவுக்கு முன்னே கொத்துதலைச் சொன்னதைக் கவனியுங்கள். இறுகின மண் இளகிக் காற்றுப் புகுந்தபிறகல்லவோ எரு பலன் தரும்?

அப்படியே நீங்களும் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் வாடியிருக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் புத்தி சொல்லாமல், அருகே உட்கார்ந்து, என்ன நேர்ந்தது என்று கேட்டு, முடியுமட்டும் குறுக்கிடாமல் செவிகொடுங்கள். வருஷக்கணக்காய்த் தேங்கின பழைய குற்றச்சாட்டுகளைக் கொட்டிவிடுங்கள். குடும்ப செபத்தில் அவர் இடத்தைக் காலியாய் வைத்திருங்கள், வரும்படி நெருக்கவேண்டாம். தளிர்விடுவதற்கு நாள் செல்லும், பொறுத்திருங்கள். நாம் செத்ததென்று தள்ளுகிற தண்டினுள்ளே பச்சையிருப்பதைச் சர்வேசுரன் காண்கிறார். நம்மையும் அவர் எத்தனை வருஷம் வெட்டாமல் விட்டுவைத்தார் என்பதை மறவாதிருப்போமாக. ஆமென்.