இரண்டாவது தேர்வு

ஒரு கம்பெனி பல வருஷங்களாக வாங்கிச் சேர்த்த ஓவியங்கள் இருக்கின்றன. ஓர் ஓவியனை அழைத்து, ‘உள்ளே போய்ப் பாருங்கள், உங்களுக்குப் பட்டதை எடுத்து வையுங்கள், நாங்கள் குறுக்கிடமாட்டோம்’ என்கிறார்கள். அவன் முப்பதோ நாற்பதோ படங்களைப் பொறுக்கி, ஒரு வரிசை கொடுத்து, ஒரு தலைப்பும் வைக்கிறான். ஓவியனின் பெயர் மேலே, கம்பெனியின் பெயர் கீழே. மேல்நாடுகளில் இது இன்று சகஜமாகிவிட்ட ஏற்பாடு. இப்படி ஒரு கண்காட்சியில் பேசுவது யார் என்பதுதான் என் கேள்வி.

இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஓவியன் விலைபோய்விட்டான் என்பது ஒன்று. பணத்தின் இருட்டறையில் கிடந்த படைப்புகளை ஒரு கலைஞனின் பார்வை மீட்டுக்கொண்டு வருகிறது என்பது மற்றது. முதலாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அப்படி அழைக்கப்படாதவர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கண்காட்சிக் கையேட்டில் எழுதுகிறவர்கள். இரண்டுமே ஓவியனின் யோக்கியதையைப் பற்றிய பதில்கள். தேர்வு என்கிற காரியத்தைப் பற்றி இரண்டும் யோசிப்பதில்லை.

இங்கே தேர்வு இரண்டு தடவை நடந்திருக்கிறது. ஓவியன் செய்தது இரண்டாவது. முதல் தேர்வைச் செய்தது ஒரு குழு. நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் டேவிட் ராக்ஃபெல்லர் 1959-இல் கலைப்பொருட்கள் வாங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, நவீனக் கலை மியூசியத்தின் ஆல்ஃபிரட் பார் போன்றவர்கள் அதன் குழுவில் இருந்தார்கள். ரசனையில் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் எவ்வளவு உயர்ந்த ரசனையானாலும் அது ஒரு இடத்துக்காகச் செயல்படுகிறது. வரவேற்புக் கூடம், தாழ்வாரம், டைரக்டர்கள் கூடும் அறை. அந்த இடத்தில் தொங்கினால் சங்கடம் தரும் படம் வாங்கப்படுவதில்லை. வாங்கப்படாதது கிடங்கில் இல்லை. கிடங்கில் இல்லாததை எந்த மேதையும் தேர்ந்தெடுக்க முடியாது. வாங்கியதற்கு ரசீது இருக்கிறது, வாங்காமல் விட்டதற்குப் பதிவேடு கிடையாது. இரண்டாவது தேர்வின் சுதந்திரம் முழுக்க இந்த மௌனத்தின் எல்லைக்குள் நடக்கிறது. அதைவிட முக்கியம், இரண்டாவது தேர்வு முதல் தேர்வை மறைக்கிறது. சுவரில் இருப்பது ஓவியனின் பார்வை என்று சொல்லிவிட்ட பிறகு, குழுவின் பார்வை என்ன என்று யாரும் கேட்பதில்லை.

நான் வங்கிக் குமாஸ்தா. மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் எங்கள் கிளையில் ‘டெட் ஸ்டாக்’ என்ற பதிவேட்டில் ஏறும். மானேஜர் அறைப் படமும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அந்தப் படம் மானேஜரின் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. மானேஜர் அதைப் பார்ப்பதில்லை. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடன் கேட்பவர்தான் பார்க்கிறார். அவரும் படத்தைப் படமாகப் பார்க்கிறாரா என்பது சந்தேகம். மானேஜரின் தலைக்குப் பின்னால் ஒரு கனம் சேர்வதை உணர்கிறார், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளின் பெரிய ஓவியங்களுக்கும் அடிப்படை வேலை இதுவே என்று நினைக்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து பிரித்து வெள்ளைச் சுவரில் மாட்டியதும் படம் விடுதலையடைகிறது என்பார்கள். படம் அடைகிறதோ என்னவோ, நாற்காலி அடைந்துவிடுகிறது.

ஓவியர்களே தேர்வாளர்களாக வந்த பழைய உதாரணங்களைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெளிவாகும். 1969-இல் ஆண்டி வார்ஹால் ரோட் ஐலண்ட் டிசைன் பள்ளியின் மியூசியக் கிடங்குக்குள் விடப்பட்டார். யோசனை ஜான், டொமினிக் தெ மெனில் தம்பதியுடையது. எண்ணெய்க் கிணறுகளுக்கான சாதனங்களால் சம்பாதித்த ஷ்லும்பர்ஜே குடும்பத்தில் பிறந்தவர் டொமினிக். வார்ஹால் நல்லதைத் தேடவில்லை. மியூசியத்தின் காலணிகளை மொத்தமாக, அலமாரியோடு எடுத்துக்கொண்டார். குடைகள், தொப்பிப் பெட்டிகள் வந்தன. ஓவியங்கள் கிடங்கில் கிடந்தபடியே சுவரில் சாய்த்து வைக்கப்பட்டன. இதைக் குறும்பு என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு இது தேர்வையே மறுத்த செயலாகப் படுகிறது. ‘என் கண்ணை இரவல் கேட்டீர்கள், இதோ உங்கள் அலமாரி’ என்று திருப்பிக் கொடுத்ததுபோல.

1992-இல் பால்டிமோரில் ஃப்ரெட் வில்சன் செய்தது இன்னும் கடுமையானது. மேரிலாண்ட் சரித்திரச் சங்கத்தின் கிடங்கிலிருந்து வெள்ளிக் கோப்பைகளையும் கூஜாக்களையும் எடுத்தார். அவற்றின் நடுவே அடிமைகளின் கால்விலங்கை வைத்தார். பெயர்ச் சீட்டில் ‘உலோக வேலைப்பாடு, 1793–1880’ என்பதற்கு மேல் பெரிதாக விளக்கம் எதுவுமில்லை. இரண்டும் அதே கட்டடத்தில் இருந்தவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தது மட்டுமே அவர் வேலை.

இது ஏன் சாத்தியமாயிற்று? சரித்திரச் சங்கம் தன்னை அறியாமலே தனக்கு எதிரான சாட்சியங்களையும் சேர்த்து வைத்திருந்தது. நன்கொடை, உயில், யாரோ பரணைக் காலி செய்தது என்று மியூசியத்துக்குள் எல்லாம் வந்து விழுகிறது. கம்பெனிச் சேகரிப்பில் இப்படி எதுவும் தற்செயலாக வந்து விழுவதில்லை. ஒவ்வொன்றும் அனுமதி பெற்று நுழைந்தது. அங்கே வெள்ளிக் கோப்பை மட்டும்தான் இருக்கிறது. விலங்கு என்று ஒன்று இருந்தால் அது வேறு மாடியில், கணக்குப் பேரேடுகளில் இருக்கிறது. அந்த மாடியின் சாவியை ஓவியனிடம் கொடுப்பதில்லை.

சாவி இல்லாதபோது ஓவியன் என்ன செய்யலாம்? 2011-இல் லண்டன் வைட்சேப்பல் காலரியில் கார்னேலியா பார்க்கர் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கலைச் சேகரிப்பிலிருந்து ஒரு கண்காட்சி அமைத்தார். மந்திரிகளின் அறைகளிலும் தூதரகங்களிலும் மாட்டுவதற்காக வாங்கப்பட்டவை அவை. கம்பெனி அல்ல என்றாலும் பிரச்னை அதேதான். பார்க்கர் அவற்றை நிறப்படி, வானவில்லின் வரிசையில் அடுக்கினார். காலம், பள்ளி, விஷயம் எல்லாம் கலைந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று போயிற்று. கண்ணுக்கு இதமான யோசனை. அதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. ஆபீஸ் சுவர் ஓவியத்திடம் கடைசியில் கேட்பது திரைச்சீலையோடு ஒத்துப்போகும் நிறத்தைத்தான் என்று அது ஒப்புக்கொள்வதாகப் படிக்கலாம். படிக்கலாம் என்பதே அதன் பலவீனமும். மந்திரி எவ்விதச் சங்கடமும் இல்லாமல் வந்து ரசித்துவிட்டுப் போகவும் அது இடம் தருகிறது.

அப்படியானால் வெளியே நிற்பதுதான் வழியா? ஹான்ஸ் ஹாக்கே வெளியே நின்றவர். நியூயார்க்கின் ஒரு வீட்டுச் சொந்தக்காரரின் சொத்து விவரங்களை ஆவணப்படுத்திய அவர் படைப்புக்காக 1971-இல் குக்கன்ஹைம் மியூசியம் அவருடைய கண்காட்சியையே ரத்து செய்தது. அதை அமைத்த எட்வர்ட் ஃப்ரை வேலை இழந்தார். 1975-இல் ஹாக்கே, கலைக்குப் பணம் கொடுப்பது தங்கள் தொழிலுக்கு ஏன் நல்லது என்று பெரிய மனிதர்கள் சொன்னவற்றை அப்படியே உலோகத் தகடுகளில் பொறித்து வைத்தார். சொன்னவர்களில் டேவிட் ராக்ஃபெல்லரும் ஒருவர். அந்தத் தகடுகளை வாங்கியது கில்மன் என்ற காகிதக் கம்பெனி. 1987-இல் ஏலத்தில் விற்கவும் செய்தது. வெளியே என்று நாம் நினைக்கும் இடமும் ஒரு பதிவேட்டில் ஏறக் காத்திருக்கும் இடம்தான். ஹாக்கே தோற்றார் என்று இதற்கு அர்த்தமில்லை. தகடு சொல்வது யார் வாங்கினாலும் மாறவில்லை. ஆனால் கையைக் கழுவிக்கொண்டவனின் திருப்தி இந்த விஷயத்தில் செல்லாது.

கம்பெனிச் சேகரிப்பு தன்னைப் பற்றி உண்மை பேசும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது கம்பெனி முடியும்போது. லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பரில் திவாலாயிற்று. இரண்டு வருஷம் கழித்து லண்டனில் கிறிஸ்டீஸ் அதன் கலைப்பொருட்களைக் கடன்காரர்களுக்காக ஏலம் விட்டது. ஓவியங்களோடு கம்பெனியின் பெயர்ப்பலகையும் ஏலத்துக்கு வந்து 40,000 பவுனுக்கு மேல் போயிற்று. எந்த ஓவியனும் அமைக்காத இந்தக் கண்காட்சியில்தான் கோப்பையும் விலங்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

நம் பக்கத்தில் ஏர் இந்தியா. 1967-இல் சால்வதோர் தலி அதற்கு ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்தார். ஒருபுறம் பார்த்தால் அன்னம், கவிழ்த்தால் யானை. சன்மானமாக யானைக்குட்டி கேட்டார், அனுப்பி வைத்தார்கள். இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அதே ஸ்தாபனம் இந்திய ஓவியர்களிடம் வாங்கிச் சேர்த்தவை ஆயிரக்கணக்கானவை. 2022 ஜனவரியில் விமானங்கள் டாட்டாவிடம் போயின. ஓவியங்கள் போகவில்லை, தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு வந்தன. இனி அவற்றிலிருந்து ஓர் ஓவியர் தேர்ந்தெடுக்கும் நாள் வரலாம். அப்போது இந்தக் கேள்வி நமக்கு வேறு தேசத்து விவகாரமாக இருக்காது.

ஹாலந்தின் ஸேவனார் ஊரில் ஒரு சிகரெட் தொழிற்சாலை இருந்தது. அதன் அதிபர் அலெக்ஸாண்டர் ஓர்லோவ் 1960-இல், வாழ்வின் ஆனந்தம் என்ற விஷயத்தில் பதின்மூன்று ஐரோப்பிய ஓவியர்களைப் படம் வரையச் சொல்லி, இயந்திரங்களுக்கு மேலே தொங்கவிட்டார். வேலையின் சலிப்பு தீரும் என்பது அவர் எண்ணம். பீட்டர் ஸ்டைவசான்ட் சேகரிப்பு என்று அது புகழ் பெற்றது. தொழிற்சாலை மூடிய பிறகு 2010 முதல் ஏலத்துக்குப் போயிற்று. அந்தப் படங்களின் கீழே வருஷக்கணக்காகச் சிகரெட் சுற்றியவர்களில் ஒருவரைத் தேர்வாளராக அழைத்திருந்தால் எதை எடுத்திருப்பார், எதை வேண்டாம் என்றிருப்பார்? தினம் எட்டு மணி நேரம் ஒரு படத்தோடு இருக்கும் அனுபவம் விமர்சகனுக்கும் கிடையாது, வாங்கியவனுக்கும் கிடையாது.

ஆகவே, அழைக்கப்படும் ஓவியன் போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வங்கிச் சம்பளத்திலிருந்து இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டும் எனக்கு அப்படிச் சொல்ல வாயும் இல்லை. போகட்டும். ஆனால் படங்களோடு வேறு சிலவற்றையும் கேட்கட்டும். எந்த வருஷம் வாங்கியது, என்ன விலை, இன்று கணக்கில் என்ன மதிப்பு, எந்தச் சுவரில் யாருக்கு எதிரே தொங்கியது. முடிந்தால் குழுவின் கூட்டக் குறிப்புகள், அவற்றில் நிராகரிக்கப்பட்ட பெயர்கள். இவற்றைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் முதல் தேர்வும் கண்காட்சிக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு தன் தேர்வைப் பற்றி அவன் பேசிக்கொள்ளலாம்.

இதுவும் நாளடைவில் ஒரு பாணியாகிவிடும், கம்பெனியே விரும்பி ஒட்டும் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். விலையை விரும்பி ஒட்டக்கூடும். நிராகரித்த பெயர்களை ஒட்டாது. அதைக் கேட்கிற ஓவியனை இரண்டாம் முறை அழைக்கவும் மாட்டார்கள். அதில் அவனுக்கு நிஜமான நஷ்டம் இருக்கிறது. வருமானம் போவதைவிட, அந்தக் கிடங்கின் நல்ல ஓவியங்களை மறுபடி கண்ணால் பார்க்க வழியில்லாமல் போவது. வெளியே இருக்கும் நாம் இதை லேசாகச் சொல்லிவிடக் கூடாது. எந்தப் படத்தையும் இழக்காத சௌகரியத்தில் உட்கார்ந்துதான் நாம் அவனிடம் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கிறோம்.