டிரம்மில் யார் பெயர்?

கடம்பூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் போளி வாங்காமல் ஊருக்குப் போவது அபூர்வம். உறவுக்காரர் வீட்டில் கொடுத்தால் அன்று ராத்திரிக்குள் தின்று தீர்ந்துவிடும். எண்ணெய்த் தாளைக் கசக்கி எறிந்தால் கணக்கு நேராகிவிட்டது. கருவியைப் பரிசாகக் கொடுப்பது அப்படியல்ல. கொடுத்தவர் பந்தியில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறின பிறகுதான் அந்தப் பரிசு தன் வேலையைத் தொடங்கும்.

மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்ச ஆசைப்படுகிறவர்களுக்கு ஆரம்பச் சாமான்களை ஒரு பெட்டியாகக் கட்டிப் பரிசளிக்கிறார்கள். இறுக்க மூடுகிற வாளி ஒன்று. அதன் மூடியில் செருக, தண்ணீர் ஊற்றி வைக்கும் சின்னக் குழாய். உள்ளே உண்டாகிற வாயு குமிழி விட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மிதந்து காட்டும் கண்ணாடிக் குழல், கிருமி நீக்கும் பொடி, ஈஸ்ட், இத்தியாதி. பிரிட்டனில் 1963-இல் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்றாயிற்று. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. இங்கே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. வாளியை மூடிவைத்தால் போலீஸ் வந்து திறக்கும். சட்டம் விட்டாலும் கரிசல் வெயில் விடாது. அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஈஸ்டுகளில் பல 20 டிகிரி பக்கத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். பங்குனி பிறந்துவிட்டால் நம் வீட்டு நடுக்கூடத்துக்கு அது கனவு.

அந்தப் பெட்டியை வாங்குமுன் விவரமானவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: பரிசு பெறப்போகிறவருக்குப் பிடித்தது குடிப்பதா, காய்ச்சுவதா? குடிக்க மட்டும் பிடித்தவருக்கு நாலு பாட்டில் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. காய்ச்சுவது என்றால் பெரும்பாலும் கழுவுவது. வாளி, குழாய், பாட்டில் என்று ஒவ்வொன்றையும் கிருமி போகக் கழுவிக் கவிழ்ப்பதிலேயே பொழுது போய்விடும். பொறுமை இல்லாதவர் வீட்டில் பெட்டி ஒருமுறை இறங்கி, பிறகு பரணுக்கு ஏறிவிடும்.

புளிக்க வைக்கும் சாமான்களை நாமும்தான் காலங்காலமாகப் பரிசளிக்கிறோம். கல்யாணச் சீரில் அவை இல்லாமல் இருக்காது. கரிசல் காட்டில் நெல்லுச்சோறு விசேஷத்துக்கு மட்டும் என்றிருந்த நாளில், உரலும் உலக்கையும் பானையுமே அந்தப் பெட்டி. கம்பைத் தண்ணீர் தெளித்து இடித்து, உமி புடைத்து, மறுபடி ரவையாக இடித்து, அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிண்டி, ஆறவிட்டு உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால், விடியும்போது நீச்சத்தண்ணி இதமாகப் புளித்திருக்கும். மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் காட்டுக்குக் கிளம்புவார்கள். ஈஸ்ட் வாங்கவேண்டிய செலவே இல்லை. பழகின மண்பானையிலும் முந்தின நாள் தண்ணியிலும் வேண்டிய உயிர் இருந்தது. இட்லி மாவும் அப்படித்தான். லியூகோனோஸ்டாக் என்று பெரிய பெயர் வைத்திருக்கிற அந்த நுண்ணுயிர் உளுந்தோடு ஒட்டிக்கொண்டே அடுக்களைக்கு வந்துவிடுகிறது.

பிறகு உரல் போய்க் கிரைண்டர் வந்தது. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி அதை உருவாக்கினார். எத்தனையோ தோள்பட்டைகள் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன. 2011 செப்டம்பரில் அரசாங்கமே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியது. பீருக்குப் பெயர்போன நாடுகள்கூடத் தம் மக்களுக்கு வாளி வழங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் சீர் வாங்கக் கோவில்பட்டிக்குப் போகிற எந்தக் குடும்பமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பெண்ணுக்குப் பிடித்தது தின்பதா, அரைப்பதா? டில்டிங்கா சாதாவா, ஒன்றரை லிட்டரா இரண்டு லிட்டரா, கல்லுக்கு எத்தனை வருஷ கேரண்டி என்று எல்லாம் விசாரிப்பார்கள். நம் காசில் கிரைண்டரை வாங்கி, அவள் பொழுதில் அதை ஓட்டவைக்கிறோம்.

அரைப்பதில் சந்தோஷமே கிடையாது என்று சொல்லமாட்டேன். விடிகாலையில் பொங்கிய மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற முகத்தில் ஒரு கர்வம் தெரியும், அது பொய்யில்லை. உளுந்து எந்தப் பதத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டுச் சொல்கிறவர்களுக்கு எந்தக் கண்ணாடிக் குழலும் வேண்டாம். வித்தியாசம் மாவு கெடுகிற அன்றைக்குத்தான் தெரியும். பீர் காய்ச்சுகிறவன் ஒரு வாளியைப் பாழாக்கினால் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, நண்பர்களிடம் சிரித்துச் சொல்ல ஒரு கதையாக வைத்துக்கொள்வான். மருமகள் வைத்த மாவு புளித்துப்போனால் சாப்பாட்டு நேரத்தில் விசாரணை. மேல்நாட்டில் வாளி பரணுக்கு ஏறினால் வியாபாரிக்குத்தான் வருத்தம். இங்கே கிரைண்டர் பரணுக்கு ஏறினால் வளர்ப்பைப் பற்றியே பேச்சு வரும்.

ஆக, பரிசு எது, பொறுப்பு எது என்று பிரித்துக் காட்டுவது அந்தப் பரண்தான். கெடுத்துவிடவும், சலித்துப்போய்ப் பாதியில் விடவும் இடம் இருந்தால்தான் கருவி பரிசு. அந்த இடத்தைக் கொடுக்காமல் எவ்வளவு விலையில் வாங்கிக் கொடுத்தாலும், ரிப்பன் கட்டி வேலைக்கு ஆள் எடுத்த மாதிரிதான். கொடுக்கிறவர் பெயரையே பாத்திரத்தில் வெட்டுகிற நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ‘அன்பளிப்பு, தாய்மாமன் இன்னார்’ என்று புள்ளிப் புள்ளியாக மெஷினில் பொறித்துத் தருகிறார்கள். தினம் அதைத் தேய்த்துக் கழுவுகிறவள் பெயர் அதில் இராது.

அக்கா மகள் கல்யாணத்துக்கு நானும் கடை ஏறினேன். “மாமா, கிரைண்டர் வேண்டாம். தெருமுக்குல மாவு பாக்கெட் கிடைக்குது, அது போதும்” என்றாள் பெண். அக்கா முகம் வாடிவிட்டது. “தாய்மாமன் சீர்ல கிரைண்டர் இல்லேன்னா ஊர் என்ன சொல்லும் தம்பி?” கடைசியில் ஊர்தான் ஜெயித்தது, இரண்டு லிட்டரில் ஒன்று எடுத்தோம்.

“டிரம்முல யார் பேரு வெட்டணும் அண்ணாச்சி?” என்றார் பேர் வெட்டுகிறவர். மாப்பிள்ளை பெயரைச் சொன்னேன். அரைக்கப்போவது அவர்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அக்கா முறைத்தாள், பெண் சிரித்துவிட்டாள். பேர் வெட்டுகிறவர் நிமிரவே இல்லை. மெஷினைப் போட்டுக்கொண்டே, “இனிஷியல் சொல்லுங்க” என்றார்.