வலியும் வினையும்

நமது உறவினர் இல்லத்தில் வளர்ந்த ஒன்பது வயது லாப்ரடார் நாய் முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. மணிக்கட்டுக்கு மேலே வீக்கம், இரவெல்லாம் மூச்சிரைப்பு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் எலும்புப் புற்றுநோய் என்றார். "அசாதா வேதனீயம் உதயமாகிவிட்டது, அனுபவித்தே தீரவேண்டும்" என்று அன்று கூறியவர் நாமே. அச்சொல்லை எண்ணி இன்று நாணுகிறோம். நமக்குத் தலைவலி வந்தபோது வினையென்று வாளா இருந்தோமா? மாத்திரை விழுங்கினோம் அல்லவா?

மருத்துவர் இரு வழிகள் கூறினார். ஒன்று, துன்பமின்றி உயிர் போக்கும் ஊசி. மற்றொன்று, காலைத் தோளோடு அகற்றுதல். ஊசியை இல்லத்தார் ஏற்கவில்லை. சல்லேகனை என்பது தானே அறிந்து மேற்கொள்ளும் விரதம். வாயில்லா உயிருக்காக அதனை நாம் மேற்கொள்ள இயலாது. ஆனால் கால் அகற்றுவது மட்டும் தகுமோ? கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்று அஹிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறதே! இல்லத்தார் இரண்டு நாள் உறங்கவில்லை.

நாம் சிந்தித்துக் கண்டது இது. அவ்வைந்தும் சினத்தாலோ பேராசையாலோ நிகழ்பவை. மருத்துவரின் கத்தி அத்தகையதன்று. கட்டி அரிக்கும் எலும்பிலிருந்தே கொடுவலி பிறக்கிறது. அதனை அகற்றினால் அவ்வலி நீங்கும். பெரும்பாலான நாய்கள் மூன்று காலால் நடக்க விரைவில் பழகிவிடும். நோய் நீங்குவதில்லை. கண்டறியும்போதே அது பெரும்பாலும் நுண்ணளவில் பரவியிருக்கும். காலை மட்டும் அகற்றினால் பொதுவாக 4, 5 மாதங்களே ஆயுள். கீமோதெரபியும் சேர்ந்தால் ஏறக்குறைய ஓராண்டு. அறுவைக்கு ஏலாத நாய்களுக்குக் கதிர்வீச்சு, மெலாக்சிகாம், கபாபென்டின், எலும்பரிப்பைத் தணிக்கும் பாமிட்ரோனேட் முதலியன உண்டு. (இரக்கப்பட்டு நாம் உண்ணும் ஐபுபுரூஃபெனை ஊட்டிவிடாதீர்கள், நாய்க்கு அது நஞ்சு.)

ஊசியை மறுத்தவர், வலியைத் தணிக்கும் கடனை ஏற்றவராகிறார். வலிமருந்தை மறுப்பதும் அந்த ஐந்தாம் அதிசாரத்தைச் சேர்ந்ததே என்று நாம் கருதுகிறோம். நாய் பெரும்பாலும் வலியை மறைக்கும். உணவு, உறக்கம், ஓயாது நக்குதல் ஆகியவற்றை நாமே உற்று நோக்க வேண்டும். நோக்காதிருப்பது பிரமாதம், ஹிம்சை பிறப்பது அங்கேதான்.

அந்நாய் மூன்று காலோடு ஐந்து மாதம் வாழ்ந்தது. வாயிலில் பால்காரரை எதிர்கொண்டது. பின்பு நோய் நுரையீரலைப் பற்றியது. இறுதிவரை வேளை தவறாது மருந்து கொடுத்தனர். கடைசி இரவில், இறக்கும் நாய்க்குச் சீவகன் ஐம்பத மந்திரம் ஓதியதை நினைந்து, இல்லத்தார் அதன் செவியருகே அமர்ந்து ஓதினர். நாமும் உடன் அமர்ந்திருந்தோம்.