ஒரு சாண் தள்ளி

அந்தம்மா என் தேநீர் டம்ளரை ஏன் நகர்த்தி வைத்தார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரிக்கு அப்பால், மலைகளுக்கு நடுவே மெய்ஜியாவு என்றொரு தேயிலைக் கிராமம் இருக்கிறது. தோட்டக்காரர்களே வீட்டு வாசலில் மேசை போட்டுத் தேநீரும் சாப்பாடும் தருவார்கள். நான் போனது ஏப்ரலில். முன்னோர் கல்லறைகளுக்குப் போய்வரும் சிங்மிங் நாள் கழிந்துவிட்டிருந்தது. அதற்கு முன்பு கிள்ளிய கொழுந்துதான் ஆனை விலை குதிரை விலை. பிந்தியது என் போன்றவர்களுக்கு. நீளமான கண்ணாடி டம்ளரில் லோங்ஜிங் என்கிற பச்சைத் தேயிலையைப் போட்டு, கொதி அடங்கிய வெந்நீரை அந்தம்மா ஊற்றினார். வடிகட்டி கிடையாது. இரும்பு வாணலியில் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வறுப்பதால் அந்த இலை தட்டையாக இருக்கும். வறுக்கிற சூட்டில் இலையைக் கருக்கவிடும் நொதி செத்துப்போவதால்தான் பச்சை மாறுவதில்லை. கொஞ்ச நேரம் மிதந்த இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து அடியில் போய் நின்றன. வறுத்த பயறின் வாசனை. விழுங்கியபின் லேசான துவர்ப்பு, அதன் பின்னால் தொண்டையிலிருந்து மேலேறி வந்த இனிப்பு. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி.

பிறகு சாப்பாடு வந்தது. அந்த ஊரின் பேர்போன லோங்ஜிங் இறால். ஆற்று இறாலை உரித்து, முட்டை வெள்ளையும் மாவும் பிசிறி, பதமாக வதக்கி, ஷாவ்ஷிங் அரிசி மதுவும் அதே தேயிலையும் அது ஊறிய சாறும் விட்டுப் புரட்டி எடுப்பது. இறாலின் மேல் அங்கங்கே இலை ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு அந்தத் தேநீரைவிடப் பொருத்தமான துணை இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாய் இறால், ஒரு மடக்கு தேநீர் என்று ஆரம்பித்தேன். தேநீரைக் காணோம். வெறும் வெந்நீர்தான் வாயில் இருந்தது. சோற்றுக் கிண்ணத்தோடு வந்த அந்தம்மா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், டம்ளரை எடுத்துத் தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் நடந்தது. சீனம் தெரிந்த நண்பரிடம் பிறகு இதை விவரித்தேன். "மேசையில இடம் இருந்திருக்காது, நகர்த்தி வச்சிருப்பாங்க. இதுக்கு ஏன்யா மண்டையப் போட்டு உடைச்சுக்கிறீங்க?" என்றார்.

மேசையில் இடம் இருந்தது.

தேநீர் காணாமல் போனதற்குக் காரணம் சொல்லிவிடலாம். பச்சைத் தேயிலையின் நயமான ருசிக்குத் தியானின் என்கிற அமினோ அமிலம் பெரிய காரணம். இறாலிலும் அதே ஜாதி ருசிதான், ஆனால் பல மடங்கு. கூடவே உப்பு, கொழுப்பு, மது. ஒரே ஸ்வரத்தை ஒருவர் ஓங்கிப் பாடும்போது பக்கத்தில் முணுமுணுப்பவர் குரல் எங்கே கேட்கும்? அதே மேசையில் முதலில் வைத்திருந்த பாசிப்பயற்று வில்லையோடு குடித்தபோது கதை வேறு. அது வாயில் மாவாக உதிர்ந்து இனித்தது. அதற்குப்பின் தேநீர் ஒரு படி கூடுதலாகத் துவர்த்து, புல் வாசனையோடு எழுந்து நின்றது. ஊருக்கு வந்த பிறகு தயிர்சாதத்தோடு குடித்துப் பார்த்தேன். துவர்ப்பைப் பாலின் புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது, மிஞ்சுவது வழவழப்பு. மிளகாய்ப்பொடி தொட்ட இட்லிக்குப் பின் குடித்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

காரணம் தெரிந்தாலும் அந்தக் கை மனதை விட்டுப் போகவில்லை. இந்த யோசனையில் எப்போதும் என் பெரிய அத்தையிடம் வந்து நிற்கிறேன்.

அத்தைக்கு நான்கு தங்கைகள். எல்லோருக்கும் அதே குரல், அதே நையாண்டி, அதே சிரிப்பு. விசேஷ வீடுகளில் ஐந்து பேரும் சேர்ந்துவிட்டால் கூடம் அதிரும். அந்தச் சத்தத்தில் அத்தை மட்டும் இருக்கமாட்டார். இருப்பார், ஆனால் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டு ஓரமாக. கோடை விடுமுறையில் நாங்கள் பிள்ளைகள் மட்டும் இருக்கும்போதோ வாய் ஓயாது. நெல்லிக்காய் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். உப்பும் மிளகாய்த்தூளும் தொட விடமாட்டார். "சும்மா கடிச்சுத் தின்னுட்டுப் பானைத் தண்ணியக் குடிடா, அப்பத் தெரியும்." ரொம்ப நாள் நான் பிள்ளைகளிடம் பேசிய அத்தைதான் அசல், தங்கைகள் அவரை அமுக்கிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. தங்கைகள் நடுவில் ஓரமாக உட்கார்ந்திருப்பது அவருக்குச் சுகமாக இருந்திருக்கலாம். யார் போய்க் கேட்டார்கள்?

தேநீரில் கலப்பே கூடாது என்று சொன்ன ஆள் ஒருவர் சீனத்திலேயே இருந்திருக்கிறார், எட்டாம் நூற்றாண்டில். லு யூ. தேயிலைக்கென்றே நூல் எழுதியவர். வெங்காயம், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுத் தேநீரைக் காய்ச்சுவதைச் சாக்கடையில் கொட்டவேண்டிய தண்ணீர் என்கிற அளவுக்கு ஏசியிருக்கிறார் என்று எப்போதோ படித்தேன். பலே என்று இருந்தது. அப்புறம் பார்த்தால் அவரே தண்ணீர் முதல் கொதி வரும்போது உப்புப் போடச் சொல்கிறார். அவர் குடித்தது இலையாக மிதக்கும் தேநீரும் அல்ல; ஆவியில் வேகவைத்து, இடித்து, வில்லையாக அழுத்தி, பொடித்துக் காய்ச்சியது. 1391-ல் மிங் வம்சத்து முதல் பேரரசர் வில்லைத் தேயிலையைக் கப்பமாக வாங்குவதை நிறுத்தியபின்தான் உதிரி இலைக்கு மவுசு வந்தது. ஆக, தனியாக ருசி பார்த்தேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த முதல் மடக்கிலும் தண்ணீர் கூட இருந்தது, சூடு கூட இருந்தது. ஹாங்சோக்காரர்கள் லோங்ஜிங்குக்கு ஹூபாவ் ஊற்றுத் தண்ணீர்தான் ஜோடி என்பார்கள். அவர்கள் கணக்கில் அது தனியாக இருந்ததே இல்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. அந்தம்மா தேநீரின் கட்சி என்று நானாகவே முடிவு கட்டியிருக்கிறேன். இறாலைச் சமைத்தது அவர். வெந்நீரை மடக்கு மடக்காக ஊற்றித் தன் சமையலைக் கழுவிக்கொண்டிருக்கிறானே என்று எரிச்சலில் நகர்த்தியிருக்கலாம். நண்பர் சொன்ன மாதிரி கிண்ணம் வைக்க வாகாகவும் இருக்கலாம். மேசையில் இடம் இருந்தது என்று நான் சாதிப்பதும் ஞாபகத்தை நம்பித்தானே.

கொண்டுவந்த லோங்ஜிங் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சில நாள் பக்கத்தில் பாசிப்பருப்பு உருண்டை வைத்துக்கொள்கிறேன், சில நாள் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. எது சரி என்று வீட்டில் கேட்டார்கள். அன்றைக்கு யார் கூட உட்கார்ந்து குடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று சொல்லி வைத்தேன். அதுவும் பதில் இல்லைதான்.